கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் காலனிகளின் வழியாகப் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. தகரம் போட்ட ஒரு சின்னக் கட்டடம். வாசலில் செருப்புகள், நாலைந்து சைக்கிள், ஒன்றிரண்டு பைக். உள்ளே கைதட்டல், டிரம், ஒலிபெருக்கி. வாரம் முழுவதும் நூறு நாள் வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போன பெண்கள், வெளுத்த சேலை கட்டி வந்து தரையில் உட்கார்ந்து கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் அந்நிய பாஷையில் பேசுவார்கள். சபை பெரிதாக இருக்காது. முப்பது குடும்பம், மிஞ்சினால் ஐம்பது.

"வெள்ளைக்காரன் கொண்டாந்த மதம்" என்று ஊர்த்தெருவில் இதைச் சொல்வார்கள். நம் பிள்ளைகளில் கல்லூரிக்குப் போனவர்கள் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரிய கோபுரம் வைத்த மற்ற சபைக்காரர்களோ இதைப் "பாமரர்களின் கூச்சல்" என்று ஒதுக்குவார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு கேள்வியை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம். இந்தப் பெந்தெகொஸ்தே வழிபாட்டை உலகம் முழுவதும் கொண்டுபோன அந்த முதல் சபை யாருடையது?

அது வெள்ளைக்காரர் தொடங்கிய சபையன்று. வீடு கூட்டுகிறவர்களும் துணி வெளுக்கிறவர்களும் சேர்ந்த ஒரு சின்னக் கறுப்பினச் சமூகத்தின் சபை. அதை நடத்தியவர் அடிமைகளாக இருந்தவர்களின் மகன். வேதம் படிக்கப் போன இடத்தில் வகுப்புக்குள் இடமில்லாமல் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டவர். அவர் பெயர் வில்லியம் ஜோசப் சீமோர். அவரையும் அவர் சபையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சபை எழுந்த கதையில் மட்டுமல்ல, அது கைவிட்டுப் போன கதையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

கரும்புச் சீமையின் பிள்ளை

அமெரிக்காவின் தெற்கே லூசியானா என்றொரு மாநிலம். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. அங்கே சென்டர்வில் என்ற ஊரில் 1870 மே 2ஆம் தேதி சீமோர் பிறந்தார். தகப்பன் சைமன், தாய் ஃபிலிஸ். இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அடிமைமுறையை எதிர்த்து நின்ற வடக்கு மாநிலங்களின் படையில் சைமன் சிப்பாயாகச் சேர்ந்து போரிட்டவர்.

ஒரு செய்தியை இங்கே நினைவில் வைப்போம். சீமோர் பிறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1873இல், இந்தியாவில் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்ற நூலை வெளியிட்டார். அடிமைத்தனம் என்பதே அந்தத் தலைப்பின் பொருள். கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அந்த நூலை அவர் காணிக்கையாக்கினார். கடல் கடந்த அந்த உறவை நம் முன்னோர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. வாக்குரிமையைப் பறிக்க விதவிதமான வழிகள் வந்தன. கறுப்பின மனிதரைக் கும்பல் கூடித் தூக்கில் தொங்கவிடுவது தெற்கே வாடிக்கையானது. ரயில் பெட்டி, பள்ளிக்கூடம், உணவகம், தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்த 'ஜிம் குரோ' சட்டங்கள் வந்தன. 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே "தனித்தனி, ஆனால் சமம்" என்ற பெயரில் அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கும் லூசியானாவின் ரயில் பெட்டியிலிருந்து வந்ததுதான். இரட்டைக் குவளை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாலிபனான சீமோர் வடக்கே பிழைக்கப் போனார். மெம்பிஸ், செயின்ட் லூயிஸ், இண்டியானாபொலிஸ் என்று நகரம் நகரமாகப் போனார். ஓட்டல்களில் பரிமாறும் வேலை செய்தார். இடையில் பெரியம்மை கண்டது. உயிர் தப்பினார். இடது கண்ணின் பார்வை போனது. முகத்தின் தழும்பை மறைக்கத் தாடி வளர்த்தார். அந்தக் கண்டத்தில் பிழைத்ததைக் கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டு ஊழியத்தில் இறங்கினார்.

திறந்து வைத்த கதவு

அப்படி அவர் வந்து சேர்ந்த ஊர் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன். அங்கே லூசி ஃபாரோ என்ற கறுப்பினப் பெண் ஒரு சிறு சபையை நடத்திவந்தார். அவரும் அடிமைத்தனத்தில் பிறந்தவரே. சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்காரப் போதகரின் வீட்டில் அவர் வேலைக்குப் போனபோது, தன் சபையைச் சீமோரின் பொறுப்பில் விட்டுப் போனார்.

பார்ஹாம் அப்போது ஒரு புதிய போதனையைப் பரப்பிக்கொண்டிருந்தார். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் வருவதுபோல இன்றைக்கும் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் உண்டு, அதற்கு அடையாளம் அந்நிய பாஷை என்பதே அந்தப் போதனை. 1901இல் கன்சாஸ் மாநிலத்தில் இருந்த அவருடைய வேதப்பள்ளியில் அது தொடங்கியது. 1906 தொடக்கத்தில் ஹூஸ்டனில் அவர் ஒரு வேதப்பள்ளி நடத்தினார். லூசி ஃபாரோவின் தூண்டுதலால் சீமோர் அங்கே படிக்கப் போனார்.

டெக்சாசின் வழக்கப்படி வெள்ளையரோடு ஒரே அறையில் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பார்ஹாமும் அந்த வழக்கத்தை மீறவில்லை. வகுப்பறைக் கதவைத் திறந்து வைத்தார்கள். வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்து சீமோர் பாடம் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் கோணிப்பையை விரித்துத் தனியே உட்கார்ந்த சிறுவன் பீமராவை நமக்குத் தெரியும். அதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில், முப்பத்தைந்து வயதான ஒரு மனிதர் கடவுளின் வார்த்தையைக் கேட்க நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சில வாரங்கள்தான். ஆனால் கேட்டதை அவர் விடவில்லை.

பூட்டிய கதவும் துப்புரவுத் தொழிலாளியின் வீடும்

அந்தச் சமயத்தில் லாஸ் ஏஞ்சலிசிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஜூலியா ஹட்சின்ஸ் என்ற கறுப்பினப் பெண் அங்கே ஒரு சிறு சபை வைத்திருந்தார். அந்தச் சபையைச் சேர்ந்த நீலி டெர்ரி ஹூஸ்டனில் சீமோரின் பிரசங்கத்தைக் கேட்டவர். அவர் சொல்லித்தான் சீமோரைக் கூப்பிட்டார்கள். 1906 பிப்ரவரியில் சீமோர் போய்ச் சேர்ந்தார். அந்நிய பாஷையைப் பற்றி அவர் செய்த பிரசங்கம் ஜூலியா ஹட்சின்சுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த முறை சீமோர் வந்தபோது சபைக் கதவு பூட்டிக் கிடந்தது.

தெரியாத ஊர். கையில் காசில்லை. எட்வர்ட் லீ என்ற துப்புரவுத் தொழிலாளி தன் வீட்டில் தங்க வைத்தார். ஜெபக்கூட்டத்துக்கு ஆள் கூடியதும் பானி பிரே தெருவில் 214ஆம் எண் வீட்டுக்கு மாறினார்கள். அது ரிச்சர்ட் ஆஸ்பெரி, ரூத் ஆஸ்பெரி தம்பதியின் வீடு. ரிச்சர்டும் துப்புரவு வேலை செய்கிறவர்தான். கூடியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளில் சமைக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள். பகல் முழுவதும் வேலை முடித்து இரவில் ஜெபிக்க வந்தார்கள்.

ஏப்ரல் 9ஆம் தேதி இரவு எட்வர்ட் லீயும் தொடர்ந்து வேறு சிலரும் அந்நிய பாஷையில் பேசினார்கள் என்பது அவர்கள் சாட்சி. அவர்களில் ஜென்னி மூர் என்ற பெண், அதுவரை கற்றிராத பியானோவை வாசித்தபடி பாடினார் என்றும் சொன்னார்கள். மூன்று நாள் கழித்துச் சீமோருக்கும் அந்த அனுபவம் கிடைத்தது. அதை நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் விடட்டும். அடுத்து நடந்தது வரலாறு. தெரு நிறைய ஜனம் கூடியது. வீட்டுத் தாழ்வாரத்தையே மேடையாக்கிச் சீமோர் பேசினார். வீடு போதவில்லை.

லாயத்தில் எழுந்த சபை

அசூசா தெரு 312ஆம் எண்ணில் ஒரு பழைய மரக்கட்டடம் கிடைத்தது. முன்பு அது ஒரு கறுப்பின மெத்தடிஸ்டு சபையின் கோயில். அந்தச் சபை வேறிடம் போன பிறகு தீப்பிடித்துக் கூரை பாழானது. கீழ்த்தளத்தைக் குதிரை லாயமாகவும் சாமான் கிடங்காகவும் வைத்திருந்தார்கள். அளவு 40 அடிக்கு 60 அடி. மாத வாடகை 8 டாலர். சுற்றிலும் மரக்கடைகளும் லாயங்களும். நம்மூரில் குப்பை மேட்டுக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில் நமக்கு இடம் ஒதுக்குவார்களே, அதுபோன்ற இடம்.

ஜனங்களே கூட்டிப் பெருக்கினார்கள். மண் தரையில் மரத்தூளும் வைக்கோலும் பரப்பினார்கள். ஆணிப் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு உட்கார வசதி செய்தார்கள். செருப்புப் பெட்டிகள் வந்த இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். அதுதான் பிரசங்க மேடை. மேடை ஒரு மூலையில் இல்லை, நடுவில் இருந்தது. சுற்றிலும் ஜனம். சீமோர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்லர். ஆசிரியரைப் போல நிதானமாகப் பேசுவார். பல நேரம் அந்த மரப்பெட்டிக்குள் தலையை வைத்தபடி ஜெபித்துக்கொண்டிருப்பார்.

காணிக்கைத் தட்டு சுற்றி வரவில்லை. வாசலருகே ஒரு பெட்டி, விருப்பமுள்ளவர்கள் போடலாம். வாரத்தில் ஏழு நாளும், ஒரு நாளைக்கு மூன்று வேளையும் ஆராதனை. இப்படி மூன்று ஆண்டுகள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்று இந்தக் கூட்டத்தைக் கேலி செய்து எழுதியது. அதே நாள் அதிகாலை சான் பிரான்சிஸ்கோவைப் பெரும் பூகம்பம் சிதைத்தது. கேலி செய்ய வந்தவர்களும், பயந்து வந்தவர்களும், தேடி வந்தவர்களும் அந்த லாயத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

அங்கே கோடு அழிந்தது

அந்தச் சபையின் பெரிய அதிசயம் அந்நிய பாஷை என்று பலர் சொல்வார்கள். நமக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது.

அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 15. அதற்கு முந்தைய இரவும் அன்று விடியுமுன்னும் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் மூன்று கறுப்பின மனிதர்களைச் சிறையிலிருந்து இழுத்து வந்து வெள்ளையர் கும்பல் கொன்றது. அதே நாட்டில், அதே வாரத்தில், அசூசா தெருவில் ஒரு சலவைத் தொழிலாளியான கறுப்பினப் பெண் வெள்ளைக்கார ஆணின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அவர் முழங்கால் போட்டு அந்த ஜெபத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த பலகையில் மெக்சிகோக்காரக் கூலிகள். பக்கத்தில் படித்தவர்கள், படிக்காதவர்கள், பணக்காரர்கள். அங்கே நிறக்கோடு அழிந்துவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் இருந்த வெள்ளைக்கார எழுத்தாளர் ஃபிராங்க் பார்ட்டில்மேன் பின்னாளில் எழுதினார்.

சபையின் மூப்பர் குழுவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இருந்தார்கள், ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே இங்கே பெண்கள் பிரசங்கம் செய்தார்கள், ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அனுப்பி வைத்தார்கள். சீமோருக்கு வழிகாட்டிய லூசி ஃபாரோ ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போய் ஊழியம் செய்தார். சீமோரை உள்ளே விடாமல் கதவைப் பூட்டிய ஜூலியா ஹட்சின்சும் மனம் மாறி அசூசா தெருவுக்கு வந்தார். அவரும் இந்தச் சபையிலிருந்தே லைபீரியாவுக்குப் புறப்பட்டார். பூட்டியவரை இந்தச் சபை வெளியே நிறுத்தவில்லை.

1906 செப்டம்பரில் 'அப்போஸ்தல விசுவாசம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். முதல் இதழ் 5,000 பிரதிகள். விலை இல்லை. ஓரிரு ஆண்டில் 40,000 பிரதிகளைத் தாண்டியது. உலகத்தின் பல மூலைகளுக்கும் தபாலில் போனது.

நம் நாட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அசூசா தெருவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார், லிலியன் கார் தம்பதி 1907 தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். ஆனால் எல்லாம் அங்கிருந்துதான் வந்தது என்று சொல்வதும் சரியாகாது. அசூசாவுக்கு ஓராண்டு முன்பே, 1905இல், புனே அருகே கெட்காவில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில் இதேபோன்ற எழுப்புதல் நடந்தது. அங்கே இருந்தவர்கள் பஞ்சத்தில் மீட்கப்பட்ட அனாதைப் பெண்கள், இளம் விதவைகள். அதற்கும் முன்பு 1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ்ப் போதகரின் ஊழியத்தில் கிராம ஜனங்களிடையே அந்நிய பாஷையும் தரிசனமும் உண்டானதை அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஆகவே இது வெள்ளைக்காரன் கொடுத்துப் போன சொத்து என்று யாராவது சொன்னால், அவருக்கு வரலாறு தெரியவில்லை என்று பொருள்.

உள்ளே வந்தவர்கள்

1906 அக்டோபரில் பார்ஹாம் தன் மாணவரின் சபையைப் பார்க்க வந்தார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அழுது ஜெபிப்பதைக் கண்டு அருவருத்தார். அந்த வெறுப்பை மேடையிலேயே கொட்டினார். சபை மூப்பர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். அவர் அதே நகரத்தில் போட்டிக்கூட்டம் நடத்தினார். எடுபடவில்லை. பிற்காலத்தில் இதே பார்ஹாம், கறுப்பினத்தவரை வேட்டையாடிய கு க்ளக்ஸ் கிளான் அமைப்பைப் பாராட்டி எழுதினார்.

வெளிப்படையாக வெறுத்தவரைச் சபை தாங்கிக்கொண்டது. மெல்ல மெல்ல விலகியவர்களைத் தாங்க முடியவில்லை.

1908 மே மாதம் சீமோரும் ஜென்னி மூரும் திருமணம் செய்துகொண்டார்கள். பத்திரிகைப் பணியைச் செய்துவந்த வெள்ளைக்காரப் பெண் கிளாரா லம்முக்கு அந்தத் திருமணத்தில் உடன்பாடில்லை. அவர் வடக்கே போர்ட்லண்ட் நகரத்துக்குப் போய், அசூசாவிலிருந்து ஏற்கெனவே பிரிந்து போயிருந்த ஃப்ளாரன்ஸ் கிராஃபோர்டின் ஊழியத்தோடு சேர்ந்தார். போகும்போது நாடு முழுவதும் வெளிநாடுகளிலும் இருந்த வாசகர்களின் முகவரிப் பட்டியலையும் எடுத்துப் போனார். பத்திரிகை போர்ட்லண்டிலிருந்து வரத் தொடங்கியது. சீமோரும் ஜென்னியும் நேரில் போய்க் கேட்டும் பட்டியல் திரும்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வாசகர்களின் பட்டியல் மட்டும்தான் மிஞ்சியது. அவர் எடுத்துப் போனதற்கு வேறு நியாயங்கள் சொல்கிறவர்களும் உண்டு. விளைவில் மாற்றமில்லை. உலகத்தோடு பேசிய சபைக்கு அன்றோடு வாய் கட்டப்பட்டது.

1911இல் வேறொரு சோதனை. சீமோர் வெளியூர் போயிருந்தபோது சிகாகோவிலிருந்து வந்த வில்லியம் டர்ஹாம் என்ற வெள்ளைக்காரப் போதகர் அசூசா மேடையில் பேசினார். மறுபடி கூட்டம் நிரம்பியது. ஆனால் அவருடைய போதனை சீமோரின் போதனைக்கு மாறாக இருந்தது. மேடை கைமாறிப் போகும் நிலை. சீமோர் அவசரமாகத் திரும்பினார். மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். முடிவில் அசூசா தெருக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டவர், பூட்டிய கதவின் முன் திகைத்து நின்றவர், இப்போது தானே ஒரு கதவைப் பூட்ட வேண்டியதாயிற்று. அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம். பெரும் கூட்டம் டர்ஹாமின் பின்னால் போய்விட்டது.

1914இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் சுமார் 300 பேர் கூடி 'அசெம்பிளீஸ் ஆஃப் காட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். கறுப்பினத்தவருக்குத் தேசிய அளவில் போதகர் பட்டம் தருவதில்லை என்று 1939இல் அந்த அமைப்பு முடிவெடுத்தது. அது மாற 1962 ஆனது. இன்னொரு பக்கம் கறுப்பினத்தவர், அசூசாவில் அபிஷேகம் பெற்ற சார்லஸ் மேசனின் தலைமையில் மெம்பிசை மையமாக வைத்துத் தங்கள் சபையை வளர்த்தார்கள். ஒரே லாயத்தில் அழுதவர்கள் எட்டே ஆண்டில் இரண்டு தெருவானார்கள்.

1915இல் சீமோர் தன் சபைக்கு ஒரு விதிநூல் எழுதினார். தலைமைப் பொறுப்புகள் கறுப்பினத்தவரிடமே இருக்கும் என்று அதில் விதித்தார். வெள்ளையர் உறுப்பினராக இருக்கலாம், அவர்களை நேசிக்க வேண்டும் என்றும் எழுதினார். "எல்லோரும் ஒன்று" என்று தொடங்கியவர் ஏன் இப்படி எழுதினார்? ஒன்பது ஆண்டுப் பட்டறிவு அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. கதவைத் திறந்து வைப்பது வேறு, சாவியைக் கொடுத்துவிடுவது வேறு என்பதை அவர் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்.

1922 செப்டம்பர் 28ஆம் தேதி மாரடைப்பால் சீமோர் காலமானார். அப்போது சபையில் ஒரு சிறு கூட்டமே மிச்சம். ஜென்னி சபையை ஏற்று நடத்தினார். உரிமை கேட்டு வேறொருவர் வழக்கு வரை போனார். 1931இல் கட்டடத்தை இடித்தார்கள். 1936இல் ஜென்னியும் போய்ச் சேர்ந்தார். கடனில் நிலமும் போனது. இன்று அந்த இடம் லாஸ் ஏஞ்சலிசின் ஜப்பானியர் பகுதியில் ஒரு கலாச்சார மையத்தின் முற்றம்.

மறந்தவர்களும் மீட்டவர்களும்

அடுத்த ஐம்பது ஆண்டுகள் வெள்ளையர் எழுதிய பெந்தெகொஸ்தே வரலாறுகள் பலவற்றில் பார்ஹாம் நிறுவனராக இருந்தார், சீமோர் ஒரு வரியாக இருந்தார். 1948இல் வட அமெரிக்கப் பெந்தெகொஸ்தே சபைகளின் கூட்டமைப்பு அமைந்தபோது ஒரு கறுப்பினச் சபைகூட அதில் இல்லை. குடியுரிமைப் போராட்டங்களுக்குப் பிறகே ஆய்வாளர்கள் பழைய இதழ்களையும் முதியவர்களின் நினைவுகளையும் தோண்டி எடுத்துச் சீமோரை மீட்டார்கள். 1994இல் மெம்பிசில் அந்த வெள்ளையர் கூட்டமைப்பு தன்னைக் கலைத்துக்கொண்டது. கறுப்பினச் சபைகளும் சேர்ந்த புதிய அமைப்பு உருவானது. அந்த மேடையில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் கறுப்பினப் பேராயர் ஒருவரின் கால்களைக் கழுவினார். லாயம் எழுந்து 88 ஆண்டுகள் கழித்து.

நம் வாசலில்

இந்தக் கதையை நாம் எதற்குச் சொல்கிறோம்? நம் சபைகளின் கதவுகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வதற்காக.

சாதி, ஞானஸ்நானத் தொட்டியில் கரைந்துவிடவில்லை. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்ததும், 1910இல் அது இடிக்கப்பட்டதும், அதற்காக ஆதிக்க சாதியினர் நீதிமன்றம் ஏறியதும் நம் வரலாறு. கேரளத்தில் பொய்கயில் யோகன்னான் என்ற தலித் போதகர் சபைக்குச் சபை மாறிப் பார்த்தார். எங்கே போனாலும் "புலையக் கிறிஸ்தவன்", "பறையக் கிறிஸ்தவன்" என்ற பெயர் பின்னாலேயே வந்தது. கடைசியில் தம் மக்களுக்காகத் தனிச் சபையே கண்டார். பெந்தெகொஸ்தே சபையில் எல்லோரும் "சகோதரர்", "சகோதரி". அந்தச் சொல் பெரிய சொல். ஆனால் ஞாயிறன்று சகோதரி என்றவர், பெண் பார்க்கும்போது சாதி கேட்கிறார். கூட்டம் சேர்க்க நம் காலனி வேண்டும், தலைமையகத்தில் முடிவெடுக்க நாம் வேண்டாம் என்ற நிலையும் பல இடங்களில் உண்டு.

அரசும் தன் பங்குக்கு ஒரு கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தது. கிறிஸ்தவத் தலித்துகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஊரில் தீண்டாமை அப்படியே இருக்க, தாளில் மட்டும் அது போய்விட்டதாகக் கணக்கு. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத்தடையை நீக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது.

இதற்காகப் போராட வேண்டியது ஒரு பக்கம். இன்னொரு வேலையை நாமே, இந்த வாரமே தொடங்கலாம். சீமோரின் சபையிலிருந்து முதலில் கைவிட்டுப் போனது முகவரிப் பட்டியல். கடைசியில் போனது நிலம். நடுவில் போனது பெயர். நம் காலனிச் சபையின் மனைக்கட்டு யார் பெயரில் பட்டாவாக இருக்கிறது? அந்த இடத்தைக் கொடுத்தவர் யார்? முதன்முதலில் குடிசையில் ஜெபம் வைத்த அம்மா யார்? எந்த ஆண்டு? ஊர்க்காரர்கள் எதிர்த்தபோது முன்னால் நின்றவர்கள் யார் யார்? உறுப்பினர் பதிவேடு யார் வீட்டில் இருக்கிறது?

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளிடம்தான் இதைக் கேட்கிறோம். நம்பிக்கை உள்ளவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் மூத்த பாட்டி ஒருவரிடம் போய் உட்காருங்கள். "நம்ம சபை எப்படிப் பாட்டி ஆரம்பிச்சது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பழைய போட்டோ இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாவின் நகலை வாங்கி நோட்டில் ஒட்டுங்கள்.